சோசலிசமும் முதலாளித்துவமும்: இரண்டையும் அனுபவித்த எகிப்து தரும் பாடம்

“தொழிலையெல்லாம் தனியாரிடம் விட்டால்தான் நாடு முன்னேறும்” என்பார் ஒருவர். “அப்படி விட்டால் ஏழையின் கதி என்ன? எல்லாம் அரசின் கையில் இருப்பதே நல்லது” என்பார் மற்றவர். கல்லூரி விடுதிகளிலும், ஜும்ஆ முடிந்து நிற்கும் கூட்டங்களிலும், வளைகுடாவில் ஒரே அறையில் தங்கியிருக்கும் சகோதரர்களிடையேயும் இந்த விவாதம் ஓயாமல் நடக்கிறது. இதில் மார்க்கத்தையும் துணைக்கு அழைத்துக்கொள்கிறோம். ஏழையின் உரிமையைப் பேசுவதால் இஸ்லாம் சோசலிசத்துக்கு நெருக்கமானது என்று ஒரு சாரார் வாதிடுகின்றனர். நபி (ஸல்) அவர்களே வணிகம் செய்தவர்கள் என்பதால் இஸ்லாம் முதலாளித்துவத்துக்கு நெருக்கமானது என்று மறுசாரார் வாதிடுகின்றனர்.

இரு தத்துவங்களையும் கோஷங்களாகப் பார்க்காமல், அவை மனித வாழ்வில் என்ன செய்தன என்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். முதலில் இரண்டின் பொருளையும் நிறைகுறைகளையும் காண்போம். பிறகு, ஒரே தலைமுறைக்குள் இரண்டையும் அனுபவித்த ஒரு முஸ்லிம் நாடான எகிப்தின் வரலாற்றைச் சற்று விரிவாகப் பார்ப்போம்.

சொற்களின் பொருள்

நிலம், ஆலை, இயந்திரம், மூலதனம் ஆகியவை தனிமனிதர்களின் உடைமையாக இருக்கும். எதை உற்பத்தி செய்வது, எவ்வளவு செய்வது, என்ன விலைக்கு விற்பது என்பதைச் சந்தை முடிவு செய்யும். முதல் போட்டவருக்கு இலாபம், உழைத்தவருக்குக் கூலி. இதுவே முதலாளித்துவம். ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ஆடம் ஸ்மித் 1776-ல் வெளியிட்ட ‘நாடுகளின் செல்வம்’ என்ற நூல் இதற்குத் தத்துவ அடித்தளமாகக் கருதப்படுகிறது.

அதே உற்பத்திச் சாதனங்கள் சமூகத்தின் பொது உடைமையாக இருக்க வேண்டும், தேவைக்கேற்பத் திட்டமிட்டு உற்பத்தி நடக்க வேண்டும், இலாபம் சிலரிடம் குவியக் கூடாது என்பது சோசலிசம். கார்ல் மார்க்சும் ஃபிரெடரிக் எங்கெல்சும் 1848-ல் வெளியிட்ட கம்யூனிஸ்ட் அறிக்கை இந்தச் சிந்தனையை உலக இயக்கமாக மாற்றியது. ‘சமூகத்தின் உடைமை’ என்பது நடைமுறையில் பெரும்பாலும் ‘அரசின் உடைமை’யாகவே முடிந்தது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

இங்கே இரண்டு தவறான புரிதல்களைக் களைந்துகொள்வது நல்லது. வணிகம் என்றாலே முதலாளித்துவம் அல்ல. மக்காவின் வணிகக் கூட்டங்கள் ஷாமுக்கும் யமனுக்கும் சென்ற காலத்தில் முதலாளித்துவம் என்ற சொல்லே பிறக்கவில்லை. அதேபோல் அரசு ஏழைக்கு உதவினாலே அது சோசலிசமும் அல்ல. 1948-ல் அனைவருக்கும் இலவச மருத்துவச் சேவையைத் தொடங்கிய பிரிட்டன் இன்றுவரை சந்தைப் பொருளாதார நாடாகத்தான் இருக்கிறது. உலகில் இன்று கலப்பில்லாத முதலாளித்துவ நாடும் இல்லை, கலப்பில்லாத சோசலிச நாடும் இல்லை எனலாம்.

முதலாளித்துவத்தின் நன்மைகள்

முதல் நன்மை, விலை என்னும் செய்தி. வெங்காயத்தின் விலை ஏறுகிறது என்றால் தட்டுப்பாடு இருக்கிறது என்று பொருள். யாரும் உத்தரவு போடாமலே அடுத்த பருவத்தில் விவசாயிகள் கூடுதலாகப் பயிரிடுவார்கள். கோடிக்கணக்கான மக்களின் தேவையை ஓர் அலுவலகத்தில் உட்கார்ந்து கணக்கிட முடியாது. சந்தை அந்தக் கணக்கை நாள்தோறும் செய்துவிடுகிறது.

இரண்டாவது, ஊக்கம். தன் உழைப்பின் பலன் தன் வீட்டுக்கு வரும் என்றால் மனிதன் கூடுதலாக உழைக்கிறான். சீனாவின் அன்ஹுய் மாகாணத்தில் ஷியாவ்காங் என்றொரு சிற்றூர். கூட்டுப்பண்ணை முறையில் பட்டினியால் வாடிய அவ்வூரின் 18 விவசாயிகள், 1978-ல் நிலத்தைக் குடும்பங்களுக்குப் பிரித்துக்கொண்டு சாகுபடி செய்வதென இரகசியமாக ஒப்பந்தம் எழுதிக் கைநாட்டு வைத்தனர். அரசுக்குச் சேர வேண்டியதைக் கொடுத்துவிட்டு மிச்சத்தை அவரவர் வைத்துக்கொள்வதென முடிவாயிற்று. விளைச்சல் பெருகியது. தண்டிப்பதற்குப் பதிலாக அரசு அந்த முறையையே நாடெங்கும் பரப்பியது. அடுத்த 40 ஆண்டுகளில் சீனாவில் ஏறத்தாழ 80 கோடிப் பேர் கொடிய வறுமையிலிருந்து மீண்டதாக உலக வங்கி கணக்கிடுகிறது. ஆனால் அங்கே நிலத்தின் உடைமையும் பெரிய வங்கிகளும் பொதுவின் கையிலேயே தொடர்ந்தன என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

மூன்றாவது, தேர்வு செய்யும் உரிமை. பிடித்த தொழிலைச் செய்யலாம், பிடிக்காத முதலாளியை விட்டு விலகலாம். இந்த உரிமை எவ்வளவு பெரியது என்பதை ஜெர்மனி காட்டியது. 1949 முதல் 1961 வரை 25 லட்சத்துக்கும் மேற்பட்டோர் சோசலிசக் கிழக்கு ஜெர்மனியை விட்டு மேற்கே சென்றனர். அவர்களைத் தடுக்கவே 1961 ஆகஸ்டில் பெர்லின் சுவர் எழுந்தது. 1989 நவம்பரில் அது திறக்கப்படும்வரை தன் குடிமக்களை உள்ளே அடைத்து வைக்க ஒரு நாட்டுக்குச் சுவர் தேவைப்பட்டது.

முதலாளித்துவத்தின் குறைகள்

இந்த அமைப்பில் மனித உழைப்பும் ஒரு சரக்கு. சரக்கு மலிவாகக் கிடைத்தால் வாங்குபவர் மகிழ்வார். தொழிற்புரட்சிக் கால இங்கிலாந்தின் நூற்பாலைகளில் சிறுவர் சிறுமியர் விடியலிலிருந்து இரவுவரை வேலை செய்தனர். 1833-ல் வந்த தொழிற்சாலைச் சட்டம்தான் 9 வயதுக்குக் குறைந்த குழந்தைகளை நெசவு, நூற்பாலைகளில் அமர்த்துவதைத் தடை செய்தது. 9 முதல் 13 வயதுவரை உள்ளவர்களுக்கு ஒரு நாளைக்கு 9 மணி நேரம் என வரம்பு விதித்தது. அதுவே அன்று பெரிய சீர்திருத்தம்! அந்தக் குழந்தைகளைக் காப்பாற்றியது சட்டமே அன்றிச் சந்தை அல்ல.

அடுத்து, ஏற்றமும் வீழ்ச்சியும். 1929-ல் நியூயார்க் பங்குச் சந்தை சரிந்தபின் வந்த பெருமந்தத்தில், 1933 அளவில் அமெரிக்காவில் உழைக்கும் மக்களில் நால்வரில் ஒருவருக்கு வேலையில்லை. 2008-ல் மீண்டும் ஒரு சரிவு. திருப்பிக் கட்ட வசதியில்லாதவர்களுக்கு வீட்டுக்கடன் கொடுத்து, அந்தக் கடன் பத்திரங்களையே கட்டுக்கட்டாக விற்றுப் பிழைத்த வட்டித் தொழில் கவிழ்ந்தது. செப்டம்பரில் லேமன் பிரதர்ஸ் வங்கி திவாலானது. வங்கிகளைத் தூக்கி நிறுத்த 70,000 கோடி டாலர்வரை செலவிட அமெரிக்க அரசு சட்டம் இயற்றியது. இலட்சக்கணக்கான குடும்பங்களோ வீட்டை இழந்து தெருவுக்கு வந்தன. இலாபம் வந்தபோது தனியாருக்கு, நட்டம் வந்தபோது பொதுமக்களுக்கு என்ற விசித்திரத்தை உலகம் கண்டது.

மூன்றாவது குறை, விலை இல்லாதவற்றுக்கு மதிப்பும் இல்லாமல் போவது. ஆற்று நீரின் தூய்மைக்கும், முதியவரைப் பராமரிக்கும் மகளின் உழைப்புக்கும், பணமில்லாத நோயாளியின் உயிருக்கும் சந்தையில் விலைச்சீட்டு இல்லை. பணம் உள்ளவரின் ஆசை தேவையாகக் கணக்கிடப்படுகிறது. பணம் இல்லாதவரின் பசி கணக்கிலேயே வருவதில்லை.

சோசலிசத்தின் நன்மைகள்

சோசலிசத்தின் வலிமை, கடைசி மனிதனையும் கணக்கில் எடுத்துக்கொள்வது. கல்வி, மருத்துவம், வேலை, கூரை ஆகியவை தர்மமாக அன்றி உரிமையாகக் கிடைக்க வேண்டும் என்ற எண்ணத்தை உலகம் ஏற்றுக்கொண்டதில் சோசலிசத்துக்குப் பெரும் பங்கு உண்டு. எட்டு மணி நேர வேலை, ஓய்வூதியம், பேறுகால விடுப்பு போன்றவை இன்று முதலாளித்துவ நாடுகளிலும் சட்டமாக இருக்கின்றன என்றால், சோசலிச இயக்கங்களும் தொழிற்சங்கங்களும் கொடுத்த அழுத்தம் ஒரு முக்கியக் காரணம்.

நமக்குத் தொடர்புள்ள உதாரணம் மத்திய ஆசியா. புகாராவும் சமர்கந்தும் இருக்கும் இன்றைய உஸ்பெகிஸ்தானும் அதன் அண்டை நாடுகளும் சோவியத் ஒன்றியத்தில் இருந்தன. சோவியத் ஆட்சிக்கு முன் அங்கே எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் மிகச் சிலரே. 1950-களின் முடிவில், அரசுக் கணக்கின்படி ஏறத்தாழ அனைவரும் எழுத்தறிவு பெற்றனர். கிராமங்களுக்குப் பள்ளியும் மருத்துவமனையும் வந்தன. பெண்கள் மருத்துவராகவும் பொறியாளராகவும் ஆயினர்.

சோசலிசத்தின் குறைகள்

அதே மத்திய ஆசியாதான் மறுபக்கத்தையும் காட்டுகிறது. எழுத்தறிவு கொடுத்த அரசு எழுத்தையே மாற்றியது. அரபு எழுத்து நீக்கப்பட்டு முதலில் இலத்தீன், பிறகு ரஷ்ய எழுத்து வந்தது. பாட்டனாரின் நூலைப் பேரன் வாசிக்க முடியாமல் போயிற்று. பள்ளிவாசல்களும் மத்ரஸாக்களும் மூடப்பட்டன.

அதைவிடக் கொடியது கஸகஸ்தானில் நடந்தது. ஆடுமாடு மேய்த்து இடம்பெயர்ந்து வாழ்ந்த கஸக் மக்களின் கால்நடைகளைப் பறிமுதல் செய்து, அவர்களைக் கூட்டுப்பண்ணைகளில் கட்டாயமாகக் குடியமர்த்தினார்கள். 1930 முதல் 1933 வரை நீடித்த பஞ்சத்தில் சுமார் 15 லட்சம் பேர் மாண்டனர். கஸக் இனத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் அதிகமானோர் அழிந்தனர். அவர்கள் பெரும்பாலும் முஸ்லிம்கள். மாஸ்கோவின் திட்டத்தில் பிழை இருக்கிறது என்று சொல்ல ஒரு பத்திரிகையோ எதிர்க்கட்சியோ நீதிமன்றமோ இல்லை. சொன்னவர் துரோகி ஆனார். பத்திரிகைச் சுதந்திரமும் தேர்தலும் முறையாக நடக்கும் நாட்டில் பெரும்பஞ்சம் ஏற்படுவதில்லை என்று பொருளியல் அறிஞர் அமர்த்தியா சென் எடுத்துக்காட்டியது இங்கே நினைக்கத்தக்கது.

ஆரல் கடல் இன்னொரு சாட்சி. பருத்தி உற்பத்தி இலக்கை எட்டுவதற்காக 1960-களிலிருந்து ஆமூ தர்யா, சிர் தர்யா ஆறுகளின் நீர் வயல்களுக்குத் திருப்பப்பட்டது. உலகின் நான்காவது பெரிய ஏரியாக இருந்த ஆரல் வற்றி உப்புப் பாலைவனமானது. துறைமுக நகரமாக இருந்த முய்னாக்கில் கப்பல்கள் மணலில் துருப்பிடித்துக் கிடந்தன. இயற்கையைச் சுரண்டுவது இலாப வெறி மட்டுமல்ல, இலக்கு வெறியும்தான்.

இவற்றோடு அன்றாட வாழ்வின் குறைகளும் உண்டு. ஊக்கம் குறைந்த உழைப்பு, தரமில்லாத பொருள், கடை வாசலில் நீண்ட வரிசை, அதிகாரியின் கையொப்பத்துக்குக் காத்திருப்பு. எல்லோரும் சமம் என்ற நாட்டில் கட்சித் தலைவர்களுக்கென்று தனிக் கடைகள் இருந்தன.

எகிப்து: நிலமும் ஆலையும்

இனி எகிப்துக்கு வருவோம். 1952-க்கு முன் அங்கே மன்னராட்சி. நில உடைமையாளர்களில் நூற்றில் ஒருவருக்கும் குறைவானவர்கள் மொத்த விளைநிலத்தில் மூன்றில் ஒரு பங்கைக் கையில் வைத்திருந்தனர். நைல் நதிக்கரையின் செழிப்பான மண்ணில் பருத்தி விளைந்தது, அதை விளைவித்த ஃபல்லாஹ் எனும் குடியானவன் பசியில் கிடந்தான்.

1952 ஜூலை 23-ல் இராணுவ அதிகாரிகள் ஆட்சியைப் பிடித்தனர். அவர்களின் உண்மையான தலைவராக இருந்தவர் கமால் அப்துல் நாஸிர். இரண்டே மாதத்தில், செப்டம்பரில், நிலச் சீர்திருத்தச் சட்டம் வந்தது. ஒருவர் 200 ஃபத்தானுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்றது. ஒரு ஃபத்தான் என்பது ஓர் ஏக்கரைவிடச் சற்று அதிகம். இந்த வரம்பு 1961-ல் 100 ஆகவும், 1969-ல் 50 ஆகவும் குறைந்தது. குத்தகைத் தொகை நிலவரியின் ஏழு மடங்குக்கு மேல் போகக் கூடாது என்ற விதியும் வந்தது. குத்தகைதாரரை நினைத்தபோது வெளியேற்ற முடியாத நிலை ஏற்பட்டது.

1956-ல் சூயஸ் கால்வாய் நாட்டுடைமையானது. 1961 ஜூலையில் வங்கிகள், காப்பீட்டு நிறுவனங்கள், பெரிய ஆலைகள் அரசுடைமையாயின. ஆலை இலாபத்தில் 25 சதவீதம் தொழிலாளர்களுக்கு என்றும், நிர்வாகக் குழுவில் அவர்களின் பிரதிநிதி இருக்க வேண்டும் என்றும் சட்டமானது. பல்கலைக்கழகக் கல்வி இலவசமாயிற்று. பட்டம் பெற்றவருக்கு அரசு வேலை உறுதி செய்யப்பட்டது. எழுதப் படிக்கத் தெரியாத குடியானவரின் மகன் மருத்துவரானான். இந்தத் தலைமுறை நாஸிரை மறக்கவில்லை. 1970 செப்டம்பரில் அவர் இறந்தபோது இலட்சோப இலட்சம் மக்கள் கெய்ரோ வீதிகளில் அழுது திரண்டனர்.

ஆனால் கணக்கின் மறுபக்கமும் இருக்கிறது. கையகப்படுத்திப் பங்கிடப்பட்டது மொத்தச் சாகுபடி நிலத்தில் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்குதான். அதுவும் ஏற்கெனவே குத்தகை உழுதவர்களுக்கே பெரிதும் போயிற்று. சொந்த நிலமோ குத்தகையோ இல்லாத விவசாயக் கூலிக்குப் பெரும்பாலும் எதுவும் கிடைக்கவில்லை. உறுதியளிக்கப்பட்ட அரசு வேலையால் அலுவலகங்கள் நிரம்பி வழிந்தன. ஒருவர் செய்யும் வேலையைப் பலர் செய்தனர், சம்பளம் தேய்ந்தது, காத்திருப்போர் பட்டியல் ஆண்டுக்கணக்கில் நீண்டது. எதிர்த்துப் பேசியவர்கள், இஸ்லாமிய இயக்கத்தினராயினும் கம்யூனிஸ்டுகளாயினும், சிறைக்குச் சென்றனர். சோசலிச அரசு கம்யூனிஸ்டுகளையும் சிறையிலடைத்தது என்பது கவனிக்க வேண்டிய செய்தி.

வக்ஃபும் அஸ்ஹரும்

முஸ்லிம் குடும்பங்கள் தனியாகக் கவனிக்க வேண்டிய ஒன்று இங்கே உண்டு. பல நூற்றாண்டுகளாக எகிப்தில் பள்ளிவாசல், மத்ரஸா, மருத்துவமனை, பயணிகளுக்கான தண்ணீர்ப் பந்தல் ஆகியவை வக்ஃபுச் சொத்துகளின் வருமானத்தில் இயங்கின. அவை அரசனுக்கும் சொந்தமில்லை, வணிகனுக்கும் சொந்தமில்லை. ஆலிம்கள் ஆட்சியாளரிடம் உண்மையைச் சொல்ல முடிந்ததற்கு, அவர்களின் உணவு ஆட்சியாளரின் கையில் இல்லாததும் ஒரு காரணம்.

1952-ல் குடும்ப வக்ஃபுகள் ஒழிக்கப்பட்டன. அடுத்த ஆண்டு அறப்பணி வக்ஃபுகள் அமைச்சகத்தின் கட்டுப்பாட்டுக்குள் வந்தன. 1961-ல் அல்-அஸ்ஹரும் சட்டத்தின் மூலம் அரசின் அமைப்புக்குள் கொண்டுவரப்பட்டது. அச்சட்டத்தால் அங்கே மருத்துவம், பொறியியல் போன்ற துறைகள் வந்தன, பெண்கள் பயில வழி பிறந்தது. இவை நன்மைகளே. வக்ஃபு நிர்வாகத்தில் முன்பு முறைகேடுகள் இருந்ததும் உண்மைதான். எனினும் அரசையும் சந்தையையும் சாராத மூன்றாவது கை ஒன்று சமூகத்திடமிருந்து போய்விட்டது. அதன் விலை பிறகு தெரிந்தது.

கதவு திறந்தது, ரொட்டி விலை ஏறியது

நாஸிருக்குப் பின் வந்த அன்வர் ஸாதாத், 1974-ல் ‘இன்ஃபிதாஹ்’, அதாவது திறப்பு என்ற கொள்கையை அறிவித்தார். அந்நிய முதலீட்டுக்கும் தனியார் தொழிலுக்கும் கதவு திறந்தது. கடைகளில் இதுவரை கிடைக்காத பொருள்கள் கிடைத்தன. வெளிநாடு செல்லத் தடை தளர்ந்ததால் எகிப்தியர் வளைகுடா சென்று உழைத்தனர். அவர்கள் அனுப்பிய பணத்தில் கிராமங்களில் செங்கல் வீடுகள் எழுந்தன. நம் ஊர்களில் நாம் கண்ட அதே காட்சிதான்.

அதே வேளையில் இறக்குமதியிலும் தரகிலும் திடீர்ப் பணக்காரர்கள் தோன்றினர். விலைவாசி ஏறியது. மாதச் சம்பளக்காரர் தடுமாறினர். 1977 ஜனவரியில், பன்னாட்டு நிதியத்தின் ஆலோசனைப்படி செலவைக் குறைக்க, அன்றாட உணவுப் பொருள்களுக்கான மானியத்தை அரசு வெட்டியது. ஜனவரி 18, 19 ஆகிய இரு நாள்களும் அலெக்ஸாந்திரியா முதல் அஸ்வான் வரை மக்கள் தெருவில் இறங்கினர். இராணுவம் வரவழைக்கப்பட்டது. எழுபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அரசு மானியத்தை மீண்டும் கொடுத்தது.

எகிப்தியர் ரொட்டியை ‘ஐஷ்’ என்பார்கள். அச்சொல்லுக்கு வாழ்க்கை என்று பொருள். மக்களின் ரொட்டியில் கை வைக்க அதன்பின் வந்த அரசுகள் அஞ்சின. 1989 முதல் 5 பியாஸ்தராகவே இருந்த மானிய ரொட்டியின் விலை 2024 ஜூனில்தான் 20 பியாஸ்தராக ஏறியது. இந்த மானியத்தால் கோடிக்கணக்கானோர் பசியாறினர், அதே வேளையில் அரசின் கடன் சுமையும் பெருகியது. இரண்டும் உண்மை.

நிலத்தின் கதையும் திரும்பியது. 1992-ல் வந்த 96-ஆம் எண் சட்டம் நாஸிர் காலக் குத்தகைப் பாதுகாப்பை நீக்கியது. குத்தகை முதலில் நிலவரியின் 22 மடங்காக உயர்ந்தது, 1997 முதல் முழுதும் சந்தை விலைக்கே விடப்பட்டது. தந்தை காலம் முதல் உழுத நிலத்திலிருந்து பல குடும்பங்கள் வெளியேறின. 2011-ல் தஹ்ரீர் சதுக்கத்தில் திரண்ட மக்கள் கேட்டவை மூன்று: ரொட்டி, சுதந்திரம், சமூக நீதி. முதலாவதைக் கொடுத்து இரண்டாவதைப் பறித்தது ஓர் ஆட்சி. பின்னால் வந்தவை சந்தைக்குச் சுதந்திரம் கொடுத்தன, மனிதனுக்குக் கொடுக்கவில்லை.

எடை போட்டுப் பார்த்தால்

எகிப்தில் பொருளாதாரக் கொள்கை மாறியது. ஆனால் ஒன்று மட்டும் மாறவில்லை. அதிகாரம் கேள்விக்கு அப்பாற்பட்டே இருந்தது. நாஸிர் காலத்தில் பொருள் அரசின் கையில் இருந்தது, அரசு சிலரின் கையில் இருந்தது. பின்னர் பொருள் தனியாரிடம் போனபோதும், ஆட்சிக்கு நெருக்கமானவர்களே அதிகம் பெற்றனர். கஸக் மேய்ப்பனுக்கு நடந்ததிலும், இங்கிலாந்து ஆலைக் குழந்தைக்கு நடந்ததிலும், வீடிழந்த அமெரிக்கருக்கு நடந்ததிலும் பொதுவானது இதுவே. பொருளும் அதிகாரமும் ஒரே கையில் சேர்ந்து, அந்தக் கையைக் கேள்வி கேட்க யாரும் இல்லாதபோது பலவீனன் நசுங்குகிறான். அந்தக் கை அதிகாரியுடையதா, முதலாளியுடையதா என்பது நசுங்குபவனுக்கு இரண்டாம் பட்சம்தான்.

நன்றாக வாழும் நாடுகள் ஒன்றின் குறையை மற்றதன் நிறையால் சரிசெய்துகொண்டவை. உற்பத்திக்குச் சந்தையை நம்பின, கல்விக்கும் மருத்துவத்துக்கும் அரசைப் பொறுப்பாக்கின, இருவரையும் கண்காணிக்க நீதிமன்றத்தையும் பத்திரிகையையும் சுதந்திரமாக விட்டன. இந்தியாவும் கலப்புப் பொருளாதாரம் என்றே தொடங்கியது. 1969-ல் 14 பெரிய வங்கிகள் நாட்டுடைமையாயின. உரிமம் இல்லாமல் தொழில் தொடங்க முடியாத நிலையில் வளர்ச்சி தேங்கி, அந்நியச் செலாவணி தீர்ந்துபோகும் நெருக்கடி வந்தபோது 1991-ல் கதவு திறந்தது. இன்று நம் வீட்டில் ஒருவர் தனியார் நிறுவனத்தில் சம்பளம் வாங்குகிறார், இன்னொருவர் ரேஷன் கடையில் அரிசி வாங்குகிறார். இரண்டும் சேர்ந்துதான் அடுப்பு எரிகிறது.

மார்க்கம் வைக்கும் வரம்புகள்

சிரியாவின் முஸ்தஃபா அஸ்ஸிபாயீ 1959-ல் ‘இஸ்லாத்தின் சோசலிசம்’ என்று பொருள்படும் தலைப்பில் நூல் எழுதினார். இராக்கின் முஹம்மது பாகிர் அஸ்ஸத்ர் 1961-ல் ‘இக்திஸாதுனா’ என்ற நூலில், இரண்டும் அல்லாத தனிப் பொருளாதாரக் கோட்பாட்டை முன்வைத்தார். அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு இருந்தாலும் அடிப்படை விதிகள் தெளிவானவை.

தனியுடைமை அனுமதிக்கப்பட்டது, ஆனால் அது இறைவன் ஒப்படைத்த அமானிதம். மதீனாவில் விலை ஏறியபோது விலையை நிர்ணயிக்குமாறு மக்கள் கேட்டனர். யாருடைய பொருளிலும் அநீதி இழைத்தவராக இறைவனைச் சந்திக்க விரும்பாத நபி (ஸல்) அவர்கள் அதற்கு உடன்படவில்லை. அதே நபியவர்கள் பதுக்கலைக் கண்டித்தார்கள். வணிகர்கள் பதுக்கி மக்களை நெருக்கினால் அரசு தலையிடலாம் என்று இமாம் இப்னு தைமிய்யா போன்றோர் விளக்கினர். தண்ணீர், மேய்ச்சல் நிலம், நெருப்பு ஆகியவற்றில் மக்கள் அனைவரும் பங்காளிகள் என்பதும் நபிவழியே.

இராக்கின் செழிப்பான ஸவாத் நிலங்கள் வெற்றி கொள்ளப்பட்டபோது படைவீரர்களுக்குப் பங்கிடும்படி சிலர் வற்புறுத்தினர். கலீஃபா உமர் (ரலி) அவர்கள் மறுத்துவிட்டார்கள். இன்று பங்கிட்டுவிட்டால் பின்னால் வரும் தலைமுறைக்கு என்ன மிஞ்சும் என்பது அவர்களின் கவலை. நிலம் உழுதவர்களிடமே இருந்தது, அதன் கராஜ் வரி பொதுக் கருவூலத்துக்கு வந்தது.

செல்வம் பணக்காரர்களுக்குள்ளேயே சுற்றிவரக் கூடாது என்பது திருக்குர்ஆன் கற்பிக்கும் கொள்கை. இதற்காகவே வட்டி தடுக்கப்பட்டது. ஸகாத் கடமையானது. ஒருவர் சேர்த்தது அவர் இறந்ததும் பல கைகளுக்குப் பிரியும்படி வாரிசுரிமை வகுக்கப்பட்டது. வக்ஃபு என்னும் மூன்றாவது கையும் தழைத்தது. வேலைக்காரரின் கூலியை வியர்வை உலருமுன் கொடுக்க வேண்டும் என்பது கடையில் இரண்டு பையன்களை வைத்து வேலை வாங்கும் நமக்கும் பொருந்தும்.

ஆனால் “எங்களிடம் தீர்வு இருக்கிறது” என்று மேடையில் சொல்லிவிட்டால் போதாது. சகோதரிக்குரிய பங்கைச் ‘சீர் செய்துவிட்டோம்’ என்று சொல்லி மறுக்கும் குடும்பத்தில் செல்வம் பிரிவதில்லை. ரமளானில் வாசலில் வரிசை கட்டி நிற்பவர்களுக்குச் சில்லறையாகப் போகும் ஸகாத், அடுத்த ஆண்டும் அதே வரிசையைத்தான் உருவாக்கும். வாரந்தோறும் தவணை கட்டும் வட்டிக் கடனில் நம் பெண்கள் சிக்கித் தவிக்கும் தெருவில், வட்டியில்லாக் கடன் கொடுக்கும் பைத்துல்மால் ஒன்று ஒழுங்காக நடந்தால் அது நூறு சொற்பொழிவுகளுக்குச் சமம்.

கேட்க வேண்டிய கேள்விகள்

எனவே ஓர் அரசோ கட்சியோ தன் கொள்கைக்கு எந்தப் பெயர் வைத்தாலும், நாம் நான்கு கேள்விகளைக் கேட்டுப் பார்ப்போம்.

1. உழைப்பவருக்கு உழைப்பின் பலன் நியாயமாகக் கிடைக்கிறதா?

2. உழைக்க முடியாதவருக்கு உணவும் மருந்தும் கல்வியும், கையேந்தாமல் கிடைக்கின்றனவா?

3. பொருளும் அதிகாரமும் ஒரே இடத்தில் குவியாமல் தடுக்க என்ன ஏற்பாடு இருக்கிறது?

4. தவறு நடந்தால் அச்சமின்றிச் சுட்டிக்காட்ட வழி இருக்கிறதா?

இந்தக் கேள்விகளை நாட்டின் பட்ஜெட்டைப் பார்த்தும் கேட்கலாம், நம் ஜமாஅத்தின் ஆண்டுக் கணக்கைப் பார்த்தும் கேட்கலாம், நம் வீட்டுச் சொத்துப் பிரிவினையைப் பார்த்தும் கேட்கலாம். பெயரைப் பார்த்து ஏமாறாமல் நீதியைப் பார்த்து நிற்கும் தெளிவை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக.